சாக மறுத்த இடையன்

ஹால்வர் சாண்ட்விக்கும் பாய்ட் ஸ்டாக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருவர் ஆட்டுக்காரர், மற்றவர் மாட்டுக்காரர், நடுவில் ஒரு முள்கம்பி வேலி. மொண்டானாவில் பகைக்கு அதுவே போதும். இவர்களுக்கு வேறு காரணமும் இருந்தது. ஹால்வரின் நாய் ஸ்கிப்பை பாய்ட் சுட்டுக் கொன்றிருந்தார். தன் கன்றுக்குட்டியைத் துரத்தியது என்றார் அவர். அப்படித் துரத்தும் நாயைச் சுடலாம் என்பது சட்டம். ஷெரிஃப் வந்தார், தலையைச் சொறிந்தார், போய்விட்டார். அதன்பின் ஹால்வர் தபால் நிலையத்தில் பாய்டைப் பார்த்தால் கடிதம் வாங்காமலே திரும்பிவிடுவார்.

எழுபத்தெட்டாம் வருஷம் கோடையில் அந்தப் பள்ளத்தாக்குக்கு சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாட்டுக்காரர்களுக்கும் ஆட்டுக்காரர்களுக்கும் அந்தக் காலத்தில் நடந்த சண்டைதான் கதை. ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் முடித்துவிடுவோம் என்றார்கள். ஹால்வரின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு முழு ஊரையே கட்டினார்கள். மதுக்கடை, வங்கி, கூரான கோபுரத்தோடு ஒரு தேவாலயம். டைரக்டர் ஜூலியன் வார்டெலுக்கு வயது முப்பத்துநாலு. முந்தைய படத்துக்குப் பரிசுகளை அள்ளியவன். தெரு ஆறடி அகலம் கூடிப்போயிற்று என்று சொல்லி, கட்டிய ஊரில் பாதியை இடித்துத் திரும்பக் கட்டச் சொன்னான். ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தினால் போதாதா என்று தச்சர்கள் கேட்டதற்கு, இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி நகர வேண்டும் என்றான்.

இடையனாக நடிக்க நியூயார்க்கிலிருந்து வந்தவருக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டைத் தொட்ட மாத்திரத்தில் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, புல்லை மிதித்த லாரிக்காரனை ஹால்வர் வைக்கோல் குத்தும் கவையோடு துரத்திக்கொண்டு ஓடினார். வார்டெல் அதைப் பார்த்துவிட்டான். "இதுதான் நான் தேடின முகம்," என்றானாம். ஹால்வர் முடியாது என்றார். அவர் மனைவி ஆல்மா முடியும் என்றாள். முடிந்தது.

படத்தில் அவரைச் சுட்டுக் கொல்லும் அடியாளாக யாரைப் போடலாம் என்று வார்டெல் ஊரில் விசாரித்தான். குதிரையேற்றத்திலும் குறி வைப்பதிலும் ஜில்லாவிலேயே கெட்டிக்காரர் பாய்ட் ஸ்டாக் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாய் விஷயத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இப்படியொரு வேடிக்கை அந்த ஊருக்கு இதற்குமுன் வாய்த்ததில்லை.

முதல் வில்லங்கம் ஆடுகளால் வந்தது. படத்தில் ஆடு மொசுமொசுவென்று இருக்க வேண்டும், அதனால் இந்த வருஷம் கம்பளி வெட்டக் கூடாது என்பது வார்டெலின் உத்தரவு. ஜூலை வெயிலில் எண்ணூறு ஆடுகளும் நிழல் தேடி நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தன. அந்தத் தம்பியைப் பிடித்து மொட்டையடித்து ஒரு கோட்டும் போட்டு வெயிலில் நிறுத்தினால் புத்தி வரும் என்றாள் ஆல்மா. ஹால்வர் ஆள் கூட்டி வந்து சனி ஞாயிறில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். திங்கட்கிழமை காலை வார்டெல் வந்து, எண்ணூறு அம்மண ஆடுகளைப் பார்த்து, அப்படியே புல்லில் உட்கார்ந்தான். கடைசியில், கம்பளி வளரும்வரை ஆட்டுக் காட்சிகளைத் தள்ளிப்போடலாம் என்று முடிவாயிற்று.

இடையன் சாகும் காட்சி அக்டோபருக்குப் போய்விட்டது. அவனைப் புதைக்கும் காட்சியை ஆகஸ்டிலேயே எடுத்தார்கள். மந்தைக்காக உயிர் விட்டவனுக்கு முந்நூறு பேர் கறுப்பு உடுப்பில் கூடினார்கள், ஆறு குதிரை பூட்டிய வண்டியில் சவப்பெட்டி வந்தது. விதவையாக ஆல்மாவையே நிறுத்தினான் வார்டெல். முதல் தடவை அவள் அழுத அழுகையில் கேமராமேனே மூக்கைச் சிந்தினார். ஒன்பதாவது தடவை, கேமராவுக்குப் பின்னால் நின்று ஆப்பிள் பலகாரம் தின்றுகொண்டிருந்த புருஷனைப் பார்த்து, "இதுக்கு மேல உனக்காக அழ எங்கிட்ட கண்ணீர் இல்ல. நெஜமா செத்தா வேற ஆளப் பாத்துக்கோ," என்றாள்.

அக்டோபரில் ஆட்டுக்கு முடி வளர்ந்தது, ஹால்வர் சாகத் தொடங்கினார்.

காட்சி எளிது. பாய்ட் மேட்டிலிருந்து குதிரையில் இறங்கி வருவார், சுடுவார், ஹால்வர் விழுவார், ஆடுகள் சிதறும். சிதறிய ஆடுகளை ஒன்று சேர்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று சாவுதான் சாத்தியம். வார்டெலுக்கு எதுவும் பிடிக்கவில்லை. சாகிற முகத்தில் ஆச்சரியம் போதாது என்றான், ஆச்சரியம் அதிகம் என்றான், ஒரு தடவை மேகம் சரியில்லை என்றான்.

முதல் நாள் பாய்ட் உற்சாகமாகத்தான் சுட்டார். ஊர்க்காரர்கள் வேலிமேல் உட்கார்ந்து கை தட்டினார்கள். நாலாம் நாள் அந்தக் கூட்டம் கரைந்தது. ஏழாம் நாள் பாய்ட் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. பத்தாம் நாள், குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தார்.

பதினோராம் நாள், முப்பத்தோராவது தடவை செத்த பிறகு, ஹால்வரை இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் சட்டையில் சிவப்புச் சாயத்தோடு மல்லாந்து கிடந்தார். தூரத்தில் ஆடுகளைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் குதிரைமேல் பாய்ட் மட்டும்.

"சாண்ட்விக்," என்றார் பாய்ட்.

ஹால்வர் வானத்தைப் பார்த்தார்.

"நீ பேச வேண்டாம். கேட்டா போதும். அன்னைக்கு உன் நாய் கன்னுக்குட்டிய ஒண்ணும் தொரத்தல."

ஹால்வர் அசையவில்லை.

"வேலியோரமா சும்மா நின்னுச்சு. பொழுது சாஞ்ச நேரம். கொயோட் நரின்னு நெனச்சு சுட்டுட்டேன். கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியுது. என் கண்ணு மங்கிப்போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்களேன்னு தொரத்துச்சுன்னு சொல்லிட்டேன். ஒன்பது வருஷமா அந்தப் பொய்யோட கெடக்குறேன். இப்ப தெனமும் மூணு வாட்டி உன்னையும் சுடச் சொல்றானுங்க. என்னால முடியலப்பா."

ஹால்வர் வாயைத் திறப்பதற்குள் ஆடுகள் வந்துவிட்டன. எழுந்து நிற்கச் சொன்னார்கள், சட்டையை மாற்றினார்கள். கேமரா ஓடியது. பாய்ட் மேட்டிலிருந்து வந்தார், சுட்டார்.

ஹால்வர் விழவில்லை. கோலைக் கீழே போட்டார். நேராக நடந்து போய், பாய்டின் பூட்ஸைப் பிடித்து ஒரே இழுப்பில் குதிரையிலிருந்து கீழே தள்ளினார். தொப்பியைக் கழற்றி அதாலேயே அடித்தார். பாய்ட் தடுக்கவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை. கை ஓய்ந்ததும் ஹால்வர் அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து அழுதார். ஆடுகள் ஓட மறந்து நின்றன.

யாரும் கேமராவை நிறுத்தவில்லை. வார்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இந்தப் படமே இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்றான். இடையன் இனி சாக மாட்டான்.

அப்படியானால் ஆகஸ்டில் புதைத்தது யாரை என்று உதவியாளர்கள் கேட்டார்கள். அந்தக் காட்சி வேண்டாம், தூக்கிப் போடலாம் என்றான் அவன். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கோட்டும் சூட்டுமாகப் படக் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் பறந்து வந்தார்கள். ஆட்டுப் புழுக்கையில் ஒருவர் வழுக்கி விழுந்தார். மற்ற இருவரும் அவரைத் தூக்கிவிட்டு, சாதாரணமாக ஒரு படமே எடுக்கும் செலவில் எடுத்த சவ ஊர்வலம் படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று திட்டமாகச் சொன்னார்கள். வார்டெல் தன் ஒரு நிமிஷத்தை விட மறுத்தான். பேச்சு நீண்டுகொண்டே போனது. நவம்பரில் பனி கொட்டியதும் படப்பிடிப்பு நின்றது. இரண்டு காட்சியும் படத்தில் தங்கிவிட்டன.

அடுத்த வருஷம் படம் வந்தது. பாய்ட் தன் டிரக்கோடு வாசலில் வந்து நின்று ஹாரனை அடித்தார். ஹால்வரும் ஆல்மாவும் ஏறிக்கொண்டார்கள், மூவரும் பில்லிங்ஸ் நகரத்துக்குப் போனார்கள். தியேட்டரில் இவர்களையும் சேர்த்து ஒன்பது பேர். படம் மூன்றே முக்கால் மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் இடையனை அடக்கம் செய்தார்கள், ஆல்மா அழகாக அழுதாள். மூன்றாவது மணி நேரத்தில் அதே இடையன் ஆடு மேய்த்துக்கொண்டு வந்து நின்றான்.

முன் வரிசையில் ஒருவர் மனைவியிடம் சத்தமாகவே கேட்டார்: "இவனத்தான பொதைச்சாங்க?"

ஹால்வர் நாற்காலியில் கழுத்துவரை சரிந்தார். பாய்ட் முன்னால் குனிந்து, "சரியா பொதைக்கல," என்றார்.

ஒரே வாரத்தில் எல்லா ஊர்த் தியேட்டரிலிருந்தும் படத்தை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த இடையன் ஆவியா, அண்ணன் தம்பியா என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. ஹால்வருக்கு அது முள்ளாகக் குத்தியது. தான் அன்று பேசாமல் விழுந்து செத்திருந்தால் அந்த டைரக்டர் தம்பி பிழைத்திருப்பான் என்று ஆல்மாவிடம் புலம்பினார்.

"மூணே முக்கா மணி நேரப் படம் உன் ஒருத்தனாலயா கவுந்துச்சு? அவ்ளோ பெருமை உனக்கு வேண்டாம்," என்றாள் அவள்.

ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டெலுக்கு போன் போட்டார். மன்னிப்புக் கேட்பதற்குள் நாக்கு மூன்று தடவை குழறியது. அவன், அடுத்த படத்துக்கு யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்றும், அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து மட்டும் வருத்தப்படவில்லை என்றும் சொன்னான். ஆடுகள் சௌக்கியமா என்று விசாரித்தான். சௌக்கியம் என்று சொல்லி ஹால்வர் போனை வைத்தார்.

கட்டிய ஊரைப் பிரித்துக்கொண்டு போக ஒருவரும் வரவில்லை. ஏப்ரலில் குட்டி ஈனும் காலத்தில் திடீரென்று ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. ஹால்வர் சினை ஆடுகளை அந்தப் பொய்த் தேவாலயத்துக்குள் ஓட்டினார். கூப்பிடாமலே பாய்ட் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு வைக்கோலில் மண்டியிட்டார். மாட்டுக்காரர், வாழ்நாளில் ஆட்டைத் தொட்டவர் இல்லை. முதல் குட்டி அவர் கைக்குள் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

"என்ன நாத்தம்யா இது. மனுஷன் இருப்பானா இங்க?" என்றார்.

"கதவு தொறந்துதான் கெடக்கு. யாரு உன்னப் புடிச்சு வெச்சா?" என்றார் ஹால்வர்.

பாய்ட் போகவில்லை. குட்டியின் மூக்கை வைக்கோலால் துடைத்துவிட்டு, அடுத்த ஆட்டிடம் நகர்ந்தார்.