ஐந்தாவது இடுக்கு

எங்கள் சமையலறையில் ஏதோ செத்துக் கிடந்தது. எலி என்றேன் நான். சாக்கடைக் குழாய் என்றாள் மனைவி. குழாயில் வெந்நீர் ஊற்றினோம். ஃப்ரிட்ஜை நகர்த்தினோம். பின்னால் காணாமல்போன கரண்டி ஒன்றும் செழிப்பாக வாழ்ந்த ஒரு கரப்பான் குடும்பமும் இருந்தன, பிணம் இல்லை. ஆனால் நாற்றம் இருந்தது. அழுகிய மீனை ஈரத்துணியில் சுற்றி, பழைய எண்ணெயில் ஊறவைத்து, நம் முகத்தில் போர்த்திவிட்டதைப் போல. தண்ணீர் குடித்தால் அதுவும் சேர்ந்து இறங்கியது.

மனைவியின் அப்பா எங்களோடு இருக்க வந்ததும் அந்த மாதம்தான். லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடித்தே மூக்கைத் தொலைத்தவர். மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்று.

நான் செய்த கத்திக்கட்டையும் அதே மாதம்தான் வந்தது. ஆனால் பெற்ற பிள்ளையை யார் சந்தேகிப்பார்கள்?

இழுப்பறையில் கரண்டி தேடும்போது மனைவி உள்ளே கிடந்த கத்தியில் விரலை வெட்டிக்கொண்டாள். எனக்கு வீரம் வந்துவிட்டது. பலகைகளுக்கு நடுவே மெல்லிய சட்டம் வைத்து ஒட்டி, கத்தி செருக ஐந்து இடுக்குகள் விட்டேன். கத்தி முனை மேடையைக் கீறக்கூடாது என்று அடியையும் அடைத்தேன். வார்னிஷ் விஷமாம், அதனால் சமையல் எண்ணெயை இடுக்கு இடுக்காக ஊற்றினேன்.

"ஏங்க, இது சாஞ்சிருக்கே?"

"சாயணும். அதான் டிசைன்."

"உங்கள மாதிரியே இருக்கு" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நாற்றம் முற்றியபோது ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "மாமா துணியெல்லாம் சரியா துவைக்கிறாரா?" என்றேன். மனைவி முறைத்தாள். ஆனால் மறுக்கவில்லை. நானும் நாகரிகமானவன் அல்லவா, வாசனை சோப்பும் பவுடரும் வாங்கி மாமாவின் கட்டில் மேல் வைத்தேன்.

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ மாமா."

அவர் பவுடர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிங்க மாப்பிள்ளை" என்றார். அன்றிலிருந்து வேளைக்கொரு குளியல். மாவில் புரட்டியெடுத்த மாதிரி வெளியே வருவார். தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். "இங்க காத்து நல்லா வருது" என்பார். வெயில்தான் வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை அவர் பெட்டி கூடத்தில் நின்றது.

"பெரியவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வாடகைக் காருக்குச் சொல்லிட்டேன்."

பெரியவள், அதாவது மனைவியின் அக்கா, கூப்பிடவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். மனைவி சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

"அவருக்குப் புரிஞ்சுபோச்சுங்க. உங்க பவுடர்தான் எடுத்துச் சொல்லுச்சு. இனிமே அவர் யார் வீட்லயும் தலை நிமிர்ந்து உக்காருவாரா?"

மூடியிருந்த குழாயை இன்னொரு முறை இறுக்கி மூடினேன்.

"சும்மா நிக்காதீங்க. போறவருக்கு ஒரு ஆப்பிளாவது நறுக்கிக் குடுங்க."

சின்னக் கத்திகள் எல்லாம் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. ஐந்தாவது இடுக்கில் நீளக்கத்தி மட்டும் இருந்தது. இழுத்தேன். 'சளக்' என்று ஒரு சத்தத்தோடு வந்தது. நாற்றத்தோடு குடித்தனம் நடத்திய மூக்கு எதையும் சொல்லவில்லை. கண்ணும் கூடத்துப் பெட்டிமேல்தான் இருந்தது. அப்படியே நறுக்கிக் கொடுத்தேன்.

மாமா நாலு துண்டு தின்றார். "ஜோரா இருக்கு மாப்பிள்ளை."

ஒரு துண்டை நானும் வாயில் போட்டேன்.

வாஷ்பேசின் வரை ஓடியது நினைவிருக்கிறது. காலை காப்பி, நேற்றைய சோறு, கொஞ்சம் மானம், எல்லாம் வெளியே வந்தன. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கட்டையில் மூக்கை வைத்தேன். சந்தேகமே இல்லை. என் பிள்ளைதான்.

"நீளக்கத்தில கடைசியா என்ன வெட்டின?"

"மீன். கட்டை வந்த அன்னிக்குதான். அவசரமா அலசி ஈரத்தோட செருகினேன்." மனைவி கண்ணைத் துடைத்தாள். "நீங்கதானே சொன்னீங்க, கத்தி வெளிய கிடந்தா கட்டை வெறிச்சுன்னு இருக்கும்னு?"

கட்டையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். "மாமா! நாத்தம் உங்ககிட்டேர்ந்து இல்ல. இதுலேர்ந்து!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நல்ல மனசு உங்களுக்கு. அதுக்காக மரத்து மேல பழியப் போடாதீங்க. சரிபாக்க எனக்கு மூக்கா இருக்கு?"

கீழே கார் ஹாரன் அடித்தது. அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

மூக்கு இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. கட்டையை அவர் காலடியில் வைத்து, இடுக்கில் உளியைக் கொடுத்துச் சுத்தியலால் அடித்தேன். ஒட்டியவன் நான் என்பதால் இரண்டாவது அடியிலேயே வாயைப் பிளந்தது.

சீ. மஞ்சள் பிசினாக உறைந்த எண்ணெய், அதன்மேல் ரோமம் போல் கருத்த பூஞ்சை. அதில் மீன் செதில்கள் பதித்து வைத்த மாதிரி மின்னின. அடியில், நான் அக்கறையோடு அடைத்த அடியில், வெள்ளைப் புழுக்கள் கூட்டம் போட்டு நெளிந்தன. மனைவி வீல் என்று கத்திவிட்டுப் பால்கனிக்கு ஓடினாள்.

மாமா குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை நாளும் இதுவா?"

"இதுதான் மாமா."

"நான் இல்ல?"

"நீங்க இல்ல மாமா. நான்தான்."

பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு மெல்லத் தலையைத் தூக்கினார்.

"மாப்பிள்ளை... அந்த ஆப்பிள எந்தக் கத்தியில நறுக்கினீங்க?"

நான் ஐந்தாவது இடுக்கைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அடப்பாவி!" மாப்பிள்ளை மரியாதை அத்தோடு போயிற்று. பெட்டியைத் திறந்து துணிகளை வாரியிறைத்து, அடியிலிருந்து பல்துலக்கும் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். காறிக் காறித் துப்பும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவர் வெளியே வந்தபோது கையில் பிரஷ் இல்லை. எட்டிப் பார்த்தேன். எங்கள் பிரஷ்களோடு கோப்பையில் நின்றது.

கட்டையைப் பழைய பேப்பரில் சுற்றி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். டிரைவர் மூக்கைப் பொத்தினார்.

"என்ன சார் இது? இதையுமா ஏத்தணும்?"

"வேணாம். வீட்ட விட்டுப் போறது இது மட்டும்தான்" என்றேன்.