தாழ்ந்த புதர்கள்

அந்தக் கோப்பு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. எறும்பு அதைத் திறந்து, உள்ளிருந்த படத்தைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தாள். கறுப்புத் திரையில் கோடிக்கணக்கான புள்ளிகள். ட்ரோன் ஒன்று கால்வாய் ஓரமாகப் பறந்து, லேசர் கதிரை அடித்து அள்ளி வந்தவை. எது தரை, எது மரம், எது கட்டடம் என்று பிரித்து நிறம் கொடுப்பது அவள் வேலை. தரைக்குப் பழுப்பு, செடிகொடிக்குப் பச்சை, கட்டடத்துக்குச் சிவப்பு. ஆறு வருடமாக ஒரு புள்ளி விடாமல் மேய்கிறவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர்.

கால்வாய்க் கரையில் இருநூற்றுப் பன்னிரண்டு தகரக் கூரைகளை அவள் சிவப்பாக்கியிருந்தாள். பரிசோதனைப் பிரிவு அத்தனையையும் பிழை என்று குறித்து, 'தாழ்ந்த புதர்' என மாற்றச் சொல்லியிருந்தது.

டீம் லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னுமா முடியல? சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்மா."

"இதப் பாருங்க சார்." ஒரு கூரையைப் பெரிதாக்கினாள். நூல் பிடித்தாற்போல இரண்டு சாய்ந்த கோடுகள். "எந்தப் புதராவது இப்படி வளருமா? செடின்னா புள்ளி சிதறும், உள்ள வரைக்கும் இறங்கும். இது தகரம்."

"எனக்குத் தெரியாதா? நானும் இதே சீட்டுல உக்காந்து தேஞ்சவன்தான்."

"அப்புறம்?"

அவர் குரலைத் தணித்தார். "கால்வாய அகலப்படுத்தப் போறாங்க. படத்துல வீடுன்னு இருந்தா ஒவ்வொருத்தருக்கும் மாத்து இடம் காட்டணும். புதர்னா மிஷின விட்டு வழிச்சுட்டுப் போயிடலாம். வேலை குடுத்தவன் சொல்றான், நாம செய்யறோம். நமக்கெதுக்கு ஊர் வம்பு?"

எறும்புக்குக் காது மடல் சுட்டது. அவளும் கணவனும் மகளும் படுத்து எழுவதும் தகரத்துக்குக் கீழேதான். மழை பிடித்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

"ஆள் குடியிருக்கிற வீட்டப் புதர்னு என் கையால போட மாட்டேன் சார். வேணும்னா உங்க பேர்ல மாத்திக்கங்க."

"என் பேர்லயா?" அவர் சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. "உன் வீட்டுக்காரரும் வேலையில்லாம இருக்காரு. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுதான் பேசறேன்."

அறையில் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது. ஒருவரும் திரும்பவில்லை. அவர் எழுந்து போன பத்தாவது நிமிடம் அவளுடைய திரை பூட்டிக்கொண்டது. நிர்வாகப் பிரிவுப் பெண் வந்து ஒரு தாளை நீட்டினாள். ஒரே கோப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள்; திறமைக் குறைவால் பணிநீக்கம்.

"பிழைன்னு யாரு முடிவு பண்ணது?"

"எனக்குத் தெரியாதுக்கா. கையெழுத்து மட்டும் போடுங்க."

எறும்பு பேனாவை வாங்கினாள். தாளின் குறுக்கே 'இவை வீடுகள்' என்று அழுத்தி எழுதினாள். இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள்.

"இது செல்லாதுக்கா."

"செல்லாட்டி போகுது. ஃபைல்ல கெடக்கட்டும்."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தபோது, கடைசி வரிசையில் அதே கோப்பு திறந்திருந்தது. அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் தலை நிமிராமல் மவுஸை இழுத்துக்கொண்டிருந்தான். கரை நெடுகச் சிவப்பு பச்சையாகிக்கொண்டே போனது. அவசரத்தில் மஞ்சளை அவன் தொடவில்லை. மஞ்சள் என்றால் மின்கம்பி. தெருக் கம்பங்களிலிருந்து ஒவ்வொரு புதருக்கும் ஒரு கம்பி போயிருந்தது.