அடி இலையில் மூன்று எழுத்து

ஜெயசுந்தர் வாத்தியார் அந்த கிராமபோனை லேசில் விடுவதாக இல்லை. விருதுநகர் பஜாரில் தங்கப்பாண்டியனின் பழைய சாமான் கடைக்குள் நுழைந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. கைப்பிடியைச் சுற்றி ஸ்பிரிங்கின் இழுவை பார்த்தார். தட்டு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று வாட்ச்சை வைத்து எண்ணினார். ஊசி மாட்டும் தலையைக் கழற்றி, உள்ளே இருந்த மைக்கா தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பித்தளைக் குழலைச் சுண்டிக்கூடப் பார்த்தாகிவிட்டது. ரிடையரானபோது வந்த பணம் கையில் ஜிப் பைக்குள் இருந்தது.

“மெஷின் சுத்தமா இருக்கு. மூடிக்குள்ள ஒட்டியிருக்க கம்பெனி லேபிளும் அசல்னா நூறு வருசத்துச் சாமான். இல்லன்னா வெறும் பெட்டி. நீங்க பாத்துச் சொல்லுங்க சம்பந்தி.”

சம்பந்தி என்று அவர் கூப்பிட்டது இன்பராஜை. சிவகாசியில் லேபிள் அடிக்கும் லித்தோ பிரஸ்ஸில் முப்பது வருஷம் அச்சுப் பிளேட் போட்டவர். அவர் மகள் எவாஞ்சலினுக்கும் வாத்தியார் மகனுக்கும் பேசி முடித்து, வருகிற ஞாயிறு சர்ச்சில் சபையாருக்கு அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள்.

இன்பராஜ் லென்ஸை வைத்துக் குனிந்தார். லண்டன் கம்பெனியின் பெயர், தங்க நிறம், சுற்றிலும் கொடி. கொடியின் அடி இலையில், எறும்பின் கால் பருமனில், சிவகாசிக்குச் சுருக்கமாக எஸ்.வி.கே.

அந்த எழுத்தைப் போட்டது அவர் கைதான். இருபது வருஷத்துக்கு முந்தைய ஆர்டர். ஐயாயிரம் லேபிள், அடியில் பிரஸ் பெயர் வரக்கூடாது, எதற்கென்று கேட்கக்கூடாது. எதற்கென்று தெரியாமலா இருந்தது? கூலி இரட்டிப்பு என்றதும் தெரியாத மாதிரி இருந்துகொண்டார். ஆனால் அடியில் ஊர் பெயர் போடாமல் ஒரு லேபிளை முடிக்க சிவகாசிக் கைக்கு வராது. பாழாய்ப்போன பழக்கம் அவரை அறியாமலே போட்டுவிட்டது. அச்சடித்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

“என்ன சம்பந்தி?”

“வேண்டாம். ஈரம் பட்ட மாதிரி இருக்கு.”

தங்கப்பாண்டியன் சிரித்தார். “ஈரம் பட்டா அம்புட்டும் உரிஞ்சிருக்கும்ல. காரணத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. மதுரைப் பார்ட்டி வேற வந்துக்கிட்டு இருக்காக.”

“ஏன் மென்னு முழுங்குதீக?” என்றபடி வாத்தியார் பையின் ஜிப்பை இழுத்தார். முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் தூளை விழுங்கிச் சேர்த்த காசு, கட்டாக வெளியே வந்தது. பேசாமல் இருந்தால் கல்யாணம் நடக்கும். அந்தப் பெட்டியும் மகள் வாழப்போகிற வீட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும். தங்கப்பாண்டியன் கையை நீட்டினார்.

“குடுக்காதீக,” என்றார் இன்பராஜ். “இது சிவகாசியில அடிச்ச லேபிள். அடி இலையில பாருங்க.”

வாத்தியார் லென்ஸை வாங்கி வெகுநேரம் தேடினார். கடைசியில் நிமிர்ந்தார்.

“இம்புட்டுச் சின்ன எழுத்து உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“நான் போட்டது.”

வாத்தியார் பணக்கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிக்கொண்டு வெளியே நடந்தார். இன்பராஜ் பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாண்டு வந்ததும் வாத்தியார் நின்றார்.

“என் பணத்தக் காப்பாத்திட்டீக,” என்றார் வாத்தியார், ரோட்டைப் பார்த்தபடி. “ஞாயித்துக்கிழமை ஓலை வேண்டாம். பாஸ்டர்ட்ட நானே சொல்லிக்கிடுதேன் சார்.”

சம்பந்தி போய் சார் ஆகிவிட்டிருந்தது. வாத்தியார் பஸ் ஏறிவிட்டார். இன்பராஜின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். எவாஞ்சலின்.

“அப்பா, மாமாவுக்குப் பெட்டி பிடிச்சிருந்துச்சா?”