ஏழாவது பெயர்

நன்றி சொல்லப் போய் ஒரு மனுஷனைப் பிடித்துக்கொடுக்கப் பார்த்த மடையன் நான். கேளுங்கள், கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கண்டியில் புத்தரின் பல் இருக்கும் மாளிகையில் குண்டு வெடித்து ஒரு மாதமிருக்கும். கண்டித் தெருவில் தமிழனெல்லாம் அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவித் தடவி நடந்தான். அந்த நேரம் பார்த்து எனக்குச் சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வேஷம் கிடைத்தது. எங்கள் பக்கம், ஊரைவிட்டுப் போகிற நடிகன் நன்றி நோட்டீஸ் அடிப்பான். அதில் பெயர் வராவிட்டால் சொந்த மாமனே முகம் கொடுத்துப் பேசமாட்டான். நானும் இருநூறு அடித்தேன். ஒன்பது பெயர்கள், ஊரோடு.

ஏழாவது பெயர் விவேகானந்தன், யாழ்ப்பாணம். எனக்கு நாடகம் எழுதித் தந்தவர். வடக்கிலிருந்து வந்த தமிழர் பொலிஸில் பதியவேண்டும்; பதியப் போனால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்து, பதியாமலே கெலிஓயாவில் என் அறையில் நாலு மாதமாக இருந்தார்.

"உமக்கென்ன விசரே? என்ர பேரைப் போடாதையும்," என்றார்.

"சும்மா இருங்கண்ணே. தமிழ்ல அடிச்சா எந்தப் பொலிஸ்காரன் படிக்கப் போறான்?" என்றேன். பெரிய புத்திசாலி!

ஹாஷிம் முதலாளியின் பெயரை வேண்டுமென்றே விட்டேன். கண்டியில் அவருடைய துணிக்கடையில் ஆறு வருஷம் வேலை செய்தவன் நான். என் நாடகம் ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. "கூத்தாடிக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். எரிச்சல் வராதா?

மறுநாள் விடிய விமானம். முதல் நாள் காலை பதினொரு மணி கொழும்பு பஸ்ஸுக்குமுன் கடைக்குள் எட்டிப் பார்த்து, "போயிட்டு வாரேங்க மொதலாளி," என்றேன். அவர் நிமிர்வதற்குள் பொலிஸ்காரர் மூவர் உள்ளே வந்து என் பையைக் கவிழ்த்தார்கள். நோட்டீஸ் கட்டு மேசையில் விழுந்தது.

சார்ஜண்டுக்குத் தமிழ் தெரியாது. "என்ன பெயர்ப் பட்டியல் இது?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "நீ பேசாதே!" என்று அதட்டிவிட்டு ஒன்றை முதலாளியிடம் நீட்டினார். "நீ படி. ஒவ்வொரு வரியாக."

முதலாளி அதுவரை அந்த நோட்டீஸைப் பார்த்ததே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் சார்ஜண்ட் இன்னொரு நோட்டீஸில் பேனாவால் கோடு போட்டார். ஒரு வரியைக்கூடத் தாண்ட முடியாது. ஆறு பெயர்கள் முடிந்தன. ஏழாவதில் முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

"ஹாஷிம், அக்குறணை," என்றார்.

"எந்த ஹாஷிம்?"

"நான்தான் சேர்."

மிச்ச இரண்டையும் வாசித்தார். சார்ஜண்ட் அவருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் என் கெலிஓயா விலாசத்தையும் குறித்துக்கொண்டு, ஒரு நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தார். "தமிழ் தெரிந்த ஆள் மத்தியானம் ஸ்டேஷனுக்கு வருவார். அவரிடம் காட்டிப் பார்ப்போம்."

அவர்கள் படி இறங்கியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"அந்த யாழ்ப்பாணத்து மனிசன் எங்க ஈக்கிற?"

"என் ரூம்லங்க."

"யா அல்லாஹ்! அவருக்குப் போய்ச் சொல்ல நான் இப்ப கடைய மூடினா அந்த சார்ஜண்டுக்கு வெளங்கிப் போகும்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஒனக்கு பஸ் ஈக்கி," என்றார்.

பொய் சொல்லமாட்டேன். கொழும்பு பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டேன். பிறகு இறங்கி, என்னை நானே திட்டிக்கொண்டு, கெலிஓயா வழியாகப் போகும் கம்பளை பஸ்ஸுக்கு ஓடினேன்.

என்னைக் கண்டதும் விவேகானந்தன் அண்ணன், "நீர் போகேல்லையே?" என்றுதான் கேட்டார். விஷயத்தைச் சொன்ன பிறகும் ஒரு வார்த்தை ஏசவில்லை. நுவரெலியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மரக்கறி லொறியை மறித்து அவரை ஏற்றிவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது.

"விவேகானந்தன் எங்கே?"

"போய் ரெண்டு வாரமாச்சு சேர்."

சார்ஜண்ட் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "அப்படியானால் கடைக்காரன் ஏன் அவன் பெயரை மறைத்தான்?"

முதலாளியின் கழுத்து நான் சொல்லப்போகும் பதிலில் தொங்கியது. எங்கிருந்து வந்ததோ, சிரித்தேன்.

"ஆசை சேர், ஆசை! நோட்டீஸில் அவர் பெயரை நான் போடவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு பெயரை விழுங்கிவிட்டுத் தன் பெயரைச் சொருகிக்கொண்டார். பெயருக்கு அலைகிற கிழவன். கண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."

சார்ஜண்ட் என் முகத்தையே பார்த்தார். நான் சிரிப்பை விடவில்லை. கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மறுநாள் பகல்தான் விட்டார்கள். விமானம் போயிருந்தது. நேரே கடைக்குப் போனேன். எனக்கு முன்னே என் கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. சார்ஜண்ட் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். "ஹாஜியார், எங்கட மகள்ட கல்யாணக் கார்ட்லயும் ஒங்கட பேரப் போடவா?" என்று பக்கத்துக் கடைக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலு பேர் கைதட்டிச் சிரித்தார்கள்.

முதலாளி தலை குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"அவர் தப்பினாரா?" என்றார், நிமிராமலே.

"தப்பிட்டாருங்க."

"அப்ப சரி. இவனுகள் சிரிக்கட்டும்."