இரண்டாவது கையெழுத்து

கழிமுகப் பறவைக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. அபூர்வப் பறவையை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு. இல்லாவிட்டால் செல்லாது. அந்த விதியால் வந்ததுதான் இத்தனை வினையும்.

அந்தக் குழுவில் ஒரு தம்பதி. அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவள்; கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், "ஏய், சீக்கிரம் வா! செங்கழுத்து முக்குளிப்பான்!" என்று கரையிலிருந்து கத்தினார். காரில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "இதோ வரேன், உயிரை வாங்காதீங்க" என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போவதற்குள் அந்த அபூர்வப் பறவை முங்கிவிட்டது. அரை மணி நேரம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தும் வெறும் தண்ணீர்தான்.

வீட்டுக்கு வந்ததும் படிவத்தை நீட்டினார். "ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடேன்."

"பார்க்காததுக்கு எப்படிங்க போடறது? நான் பார்க்காத ஸ்லைடுக்கு டாக்டரே கேட்டும் போட்டதில்ல."

"என்னைத் தெரியாதா உனக்கு?"

"உங்களைத் தெரியும். பறவையைத் தெரியாதே."

பெரிய நியாயவாதி! அவர் படிவத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். பார்த்ததைக் குழுவில் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு அவருக்குப் 'பொய்க்குளிப்பான்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்கும் சிரித்தார். பிறகு எத்தனையோ தடவை அவளைக் கரைக்குக் கூப்பிட்டார். முழங்கால் வலி என்று அவள் ஒரு தடவையும் போகவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று காலை அவருடைய பைனாகுலரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. பாலத்தூண் பக்கம் தண்ணீர் லேசாகக் கலங்கி, ஒரு தலை மேலே வந்தது. செங்கல் நிறக் கழுத்து, வெளுத்த கன்னம், அலகின் அடியில் மஞ்சள். அவர் சொன்னது சொன்னபடியே! "ஏங்க, சீக்கிரம் வாங்க!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டுத் திரும்பினாள். காரில் யாரும் இல்லை.

குழுச் செயலாளருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, கூட யாராவது பார்த்தாங்களா?"

"இல்லப்பா."

"விதி தெரியுமே உங்களுக்கு..."

"தெரியும்ப்பா. அதைக் கட்டிக் காப்பாத்தினவளே நான்தானே."

வீட்டுக்கு வந்து பழைய படிவத்தைத் தேடி எடுத்தாள். அனுப்பாமலே வைத்திருந்தார். அவர் கையெழுத்துக்குக் கீழே கட்டம் காலியாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால், 'அவ பார்த்ததும் அனுப்பணும்' என்று எழுதியிருந்தார்.

பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா!

அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், முப்பது வருஷ வேலையில் ஒருநாளும் செய்யாததாக, நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதியை எழுதினாள்.