டெபோரா வீட்டு வைஃபை

டெபோரா மூன்று செல்போன்களைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடப்பதைப் பக்கத்து வீட்டு அப்பாத்துரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் கூடத்தில் நின்றாள், அடுக்களையில் நின்றாள், மாடிப்படியில் ஏறியும் நின்று பார்த்தாள். அப்பாத்துரை பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் நடக்கும் காரியம் இன்னதென்று தெரியாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

"எம்மா, என்னத்தத் தேடுத?"

"சிக்னல் தேடுதேன் பெரியப்பா. நம்ம தெருவுக்குக் கேபிள் இப்ப வராதாம். சிம் போட்டா வைஃபை குடுக்குற டாங்கிள் ஒண்ணு வாங்கப் போறேன். எந்தக் கம்பெனி சிம் இங்கன நல்லா எடுக்குன்னு தெரியணும்லா? அதான் ரெண்டு போன இரவல் வாங்கிட்டு வந்தேன்."

"மாப்பிள்ளை பாக்குற மாதிரில்லா பாக்குத!" என்று அப்பாத்துரை சிரித்தார். ஆனாலும் அவளுடைய நிதானம் அவருக்குப் பிடித்திருந்தது.

டெபோரா கணக்கு டீச்சர். பிள்ளை பிறந்ததும் பள்ளியில் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கணவன் மெர்வினுக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை. அவன் ஒருவன் சம்பளத்தில் குடும்பம் தள்ளாடியது. வீட்டிலிருந்தே இணையத்தில் பாடம் எடுக்கலாம் என்று முடிவு செய்தபிறகு, அதற்கான பொருளை அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தயாராக இல்லை.

மேலப்பாளையத்தில் சேக் முகம்மதின் செல்போன் கடைக்கு அப்பாத்துரையும் கூடவே போனார். கடைக்காரர் பளபளப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். டெபோரா அதைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, இதுல எல்லாக் கம்பெனி சிம்மும் ஏறுமா, இல்ல ஒரே கம்பெனிக்குப் பூட்டுனதா? லேப்டாப் இல்லாம சார்ஜர்ல சொருகுனாலும் வைஃபை வருமா? எங்க வீட்டுல எடுக்காட்டா திருப்பி வாங்கிக்கிடுவீங்களா?"

சேக் முகம்மது பளபளப்பை உள்ளே வைத்துவிட்டு, எல்லா சிம்மும் ஏறும் சாதாரண டாங்கிள் ஒன்றை எடுத்தார். "இங்கன வாரவங்க முக்காவாசிப் பேரு கலரப் பாத்துத்தாம்மா வாங்குதாங்க. நீங்க டீச்சரா? என் தங்கச்சி துபாய்ல இருக்கா. அவ பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க ஆள் தேடுதா."

அப்படித்தான் அந்த வாய்ப்பு வந்தது. துபாயில் இருக்கும் அந்தத் தங்கையும் அவளுடைய சிநேகிதிகளும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மாதிரி வகுப்பு ஒன்றைப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் டெபோராவிடம்தான்.

அவள் டாங்கிளை ஜன்னல் பக்கம் வெயில் படாத உயரத்தில் வைத்தாள். கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்று பவர்பேங்கில் சொருகினாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று இருந்த டேட்டா வகுப்புக்குப் போதுமா என்றும் பார்த்துக்கொண்டாள். இத்தனை கெட்டிக்காரி ஒரே ஓர் இடத்தில் சறுக்கினாள். அந்த வருடத்து வாக்குத்தத்தமான பைபிள் வசனத்தின் அதிகாரத்தையும் எண்ணையும் பாஸ்வேர்டாக வைத்தாள். புத்தாண்டு ஆராதனையில் சபையார் அத்தனை பேருக்கும் அச்சடித்துக் கொடுத்த வசனம் அது. தெருவில் சட்டம் போட்டு மாட்டாத வீடே இல்லை.

அப்பாத்துரை அதை ஒரே முயற்சியில் கண்டுபிடித்தார். திறந்ததும் பெருமை பிடிபடவில்லை. கொஞ்சம் பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஆரம்பித்தவர், பிறகு தம் போனுக்குப் பேச மட்டும் ரீசார்ஜ் செய்துவிட்டு, நெட்டுக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார். "இது சரியில்ல, சொல்லிட்டேன்" என்றாள் மனைவி கிரேஸ். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாதிரி வகுப்பு நடந்த மாலையில் கிரிக்கெட் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டெபோராவின் குரல் கணீரென்று கேட்டது. ரொட்டியைப் பங்கு வைத்துப் பின்னம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அப்பாத்துரையின் போனில் பந்துவீச்சாளர் ஓடி வந்தார். பாதி ஓட்டத்தில் படம் நின்றது. அதே நேரத்தில் சுவருக்கு அப்பால், "ஹலோ... கேக்குதா? ஹலோ..." என்று டெபோரா தவித்தாள்.

அப்பாத்துரை அவசரமாகப் போனை அணைத்தார். அதற்குள் அவளே வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"பெரியப்பா, இன்னைக்கு உள்ள டேட்டா எப்படியோ தீந்துட்டு. என் போன்லயும் நெட் போடல. உங்க போன்ல இருந்து கொஞ்ச நேரம் நெட் தாங்களேன். பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கு!"

கொடுப்பதற்கு அவரிடம் என்ன இருந்தது? தலை தானாகக் குனிந்தது.

"என்கிட்ட நெட் இல்லம்மா. இத்தன நாளும் உன்னுதத்தான் பாத்தேன். நான் மட்டும் இல்ல, அந்த வசனம் தெரியாத ஆளு இந்தத் தெருவுல யாரு? மொதல்ல பாஸ்வேர்ட மாத்து. நான் போயி உன் சிம்முக்கு டேட்டா போட்டுட்டு வாரேன்."

பதிலுக்குக் காத்திராமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது டெபோரா பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, சேக் முகம்மதிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்க டாங்கிள் மேல தப்பு இல்ல அண்ணாச்சி. பாஸ்வேர்ட நான்தான் எல்லாருக்கும் தெரிஞ்சதா வச்சுட்டேன், தப்பு என்னுது. தங்கச்சியக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க, இந்தா வந்துட்டேன்."

தம் பெயரைச் சொல்வாள் என்று நினைத்திருந்தார். அவள் சொல்லவில்லை. அவள் ஏசியிருந்தால்கூட அவருக்கு அத்தனை வலித்திருக்காது. என்ன பெண் இவள் என்று மனம் கரைந்து நின்றார். வகுப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முடிந்ததும், நாளையிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள் என்று துபாயிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் அப்பாத்துரை வீட்டில் நடந்தது. அவரவர் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் அவர் எழுந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கூட்டத்தில் பலர் தலையைக் குனிந்து, உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார்கள்.

"காசா பணமா, காத்துலதான வருதுன்னு நெனச்சேன். ஒரு பொம்பளப் பிள்ளையோட பொழப்பத் தின்னுருக்கேன். கேக்காம எடுத்தா அது களவுதான். அடுத்த வீட்டுக் கதவு தெறந்து கெடந்தா நாம உள்ள போயிரப்படாது. 'எம்மா, கதவு தெறந்து கெடக்கு, பூட்டிக்கோ'ன்னு சொல்லணும். பக்கத்து வீட்டுக்காரன்னு ஒருத்தன் இருக்கது அதுக்குத்தான்."