கலாமணியின் தங்கம்

பெண்டாட்டியின் மூக்குத்தியை அமிலத்தில் கரைத்துவிட்டு, அது பேங்க் லாக்கரில் இருப்பதாக மகளிடம் சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். கிருபாசங்கருக்கு அது இருந்தது. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். ஆராய்ச்சிக்குத் தங்கம் வாங்க டெல்லி அனுமதி கொடுத்தும், கல்லூரி அலுவலகம் இழுத்தடித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. முனைவர் பட்டம் கைநழுவிப் போகும் என்ற பயத்தில், செத்துப்போன கலாமணியின் மூக்குத்தியில் கை வைத்துவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியானால் தங்கம் மஞ்சளாக இருக்காது. மூக்குத்தி கரைந்த குடுவைத் தண்ணீர் மாதுளைச் சாறாகச் சிவந்திருந்தது. அதில் ஒரு சொட்டை நுண்ணிய குழிகள் போட்ட ரப்பர் தகட்டின் மேல் விட வேண்டும். சொட்டு காயக் காய அதன் விளிம்பு பின்வாங்கும். அப்படிப் போகும்போதே துகள்களை இழுத்து வந்து குழிக்குள் அமுக்கிவிட்டுப் போகும். கையால் தொட முடியாத பொருளை ஈரம் அதனதன் இடத்தில் உட்கார வைக்கும் வித்தை அது.

ஆனால் குழிகள் காலியாகவே கிடந்தன. தங்கம் முழுக்கத் தகட்டின் மேற்கு ஓரத்தில் போய் ஒட்டியிருந்தது. மேசை சாய்ந்திருக்கிறதோ என்று மட்டம் பார்த்தார். தகட்டைத் திருப்பி வைத்தார். மறுபடியும் மேற்குதான். மேற்கே வடவள்ளியில் அவர் வீடு இருந்தது. படித்தவன் இப்படியெல்லாம் யோசிக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டில் மகள் பூர்ணிமா மூக்குக் குத்தியிருந்தாள். அத்தை கொண்டுவந்த மூக்குத்தியைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். அம்மாவுடையதுதான் வேண்டும். ஓட்டை தூர்ந்துபோகாமல் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு தினமும் கேட்டாள்.

"லாக்கருக்கு எப்பங்ப்பா போவீங்க?"

"போலாம் கண்ணு. பேங்க்குல ஒரே கூட்டம்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளே டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்துவிட்டாள். ஆய்வகத்தில் மேசைக்குக் கிழக்குப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் அப்போதுதான் ஒரு சொட்டு விட்டிருந்தார். அது காய்ந்ததும் பார்த்தார். தங்கம் கிழக்கு ஓரத்தில் இருந்தது.

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை.

"லாக்கர்ல இல்ல அம்மணி. அம்மா மூக்குத்திய நான் கரைச்சுப்போட்டேன். இந்தத் தண்ணிதான் அது."

பூர்ணிமா அழவில்லை, சண்டையும் போடவில்லை. குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெதுவாக வேப்பங்குச்சியை உருவி எடுத்தாள்.

"அப்ப எனக்கே குடுத்துருங்ப்பா."

பட்டமாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது அவருக்கு. அமிலமெல்லாம் போய்த் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. சொட்டுக்குழாயில் எடுத்து, அவள் மூக்கின் மேல் ஒரே ஒரு சொட்டு வைத்தார். சொட்டு காய்ந்தது. சிவந்த விளிம்பு நாலாபக்கமிருந்தும் சுருங்கிச் சுருங்கி அந்தச் சின்ன ஓட்டையை நோக்கியே நகர்ந்தது. கடைசி ஈரமும் போனபோது அங்கே மஞ்சளாக ஒரு மொட்டு மின்னியது. ஒரு சொட்டில் அவ்வளவு தங்கம் இருக்க வழியே இல்லை. திரும்பிப் பார்த்தார். குடுவையில் இருந்தது வெறும் வெள்ளைத் தண்ணீர்.

பெற்ற மகளுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று அவருக்குக் கண் கலங்கியது. துக்கமும் நிம்மதியுமாக அவள் தலையைத் தடவினார்.

அவள் கூச்சத்தோடு தலையை விலக்கிக்கொண்டு எழுந்தாள். தாவணி முந்தியை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஏனுங்க," என்றாள். "நேரமாயிப்போச்சு, போலாமுங்க. பூர்ணிமா ஊட்டுல தனியா இருப்பா."